பிக்கப் பானெட்டுக்கு கேஸ் ஸ்ட்ரட் போடலாமா: சஸ்கட்டூன் குளிர்ல இருந்து ஒரு பதில்

கனடாவுல இருக்கற எங்க சஸ்கட்டூனுக்கு புதுசா வர்ற நம்மாளுங்க நிறையப் பேர் முதல்ல ஒரு சின்ன கார் வாங்குறாங்க, பனிக்காலத்த பார்த்ததும் பிக்கப்புக்கு மாறிடறாங்க. நாங்களும் அப்படித்தான் மாறினோம், எங்களது 2018 மாடல் டொயோட்டா டகோமா, செகண்ட் ஹேண்ட். இப்ப புதுசா பிக்கப் வாங்கின தம்பிங்க என்கிட்ட அடிக்கடி கேக்கறது, அண்ணே பானெட்டுக்கு தனியா ஸ்ட்ரட் வாங்கிப் போட்டீங்களாமே, அது தேவையா, காசுக்கு பிடிச்ச கேடா? தேவைதான்னு நான் நினைக்கிறேன், ஆனா எல்லாருக்கும் இல்ல. அதனால கொஞ்சம் விவரமா எழுதறேன்.

2016ல இருந்து 2023 வரைக்கும் வந்த டகோமாவுல பானெட்ட தூக்கிப் பிடிச்சுகிட்டே ஒரு இரும்புக் கம்பிய எடுத்து பானெட் அடிப்பக்கம் இருக்கற ஓட்டையில சொருகி முட்டுக் கொடுக்கணும். ஸ்ட்ரட்ங்கறது ஹேட்ச்பேக் கார் பின்கதவுல ரெண்டு பக்கமும் இருக்குமே அந்த கருப்பு குழாய், அதேதான். உள்ள அழுத்தமா நைட்ரஜன் வாயுவும் கொஞ்சம் எண்ணெயும் இருக்கும். பாதி தூக்கினா மீதிய அதுவே தூக்கிக்கும், அதுவே நிக்கும்.

நாமக்கல்ல இருந்தவரைக்கும் நான் பானெட்ட தொட்டதே கிடையாது. ஊரே லாரி ஊரு, தெருவுக்கு ஒரு பட்டறை, ஏதாச்சும்னா போன் பண்ணா மெக்கானிக் வீட்டுக்கே வந்துருவாரு. இங்க ஷாப்புல ஒரு மணி நேரக் கூலி 150 டாலர்ங்கறது சாதாரணம். அதுவுமில்லாம குளிர்காலத்துல பானெட்ட தொறக்கற வேலை அதிகம். கார் போன பக்கமெல்லாம் உப்பும் சேறும் கண்ணாடில அடிக்கும், அதனால மைனஸ் 40 தாங்கற வாஷர் தண்ணி ஊத்திகிட்டே இருக்கணும். பேட்டரி செத்துப்போனா இன்னொரு வண்டில இருந்து கேபிள் போட்டு பூஸ்ட் பண்ணனும். குளிர்ல இன்ஜின் உறையாம சூடு பண்ற பிளாக் ஹீட்டரோட வயர் தேஞ்சிருக்கான்னு பாக்கணும். எலி வேற, குளிருக்கு ஒதுங்க இடம் தேடி ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ள பஞ்சு சேத்து கூடு கட்டிரும்.

எங்க வீட்டுல கேள்வி எப்படி வந்துச்சுன்னா, எனக்கு வேலை வடக்க யுரேனியம் சுரங்கத்துல, ஒரு வாரம் அங்க, ஒரு வாரம் வீடு, விமானத்துலதான் கூட்டிட்டுப் போவாங்க. நான் இல்லாத வாரம் வண்டி முழுக்க மனைவி பொறுப்பு. அவளுக்கு ஆஸ்பத்திரில விடியற்காலை ஷிஃப்ட், உயரம் அஞ்சடிதான். இருட்டுல, தடிமனான கையுறையோட, ஒரு கையில பானெட்ட தூக்கிப் பிடிச்சுகிட்டு இன்னொரு கையால கம்பியத் தேடி சொருகறதுங்கறது, ஆறடி ஆளுக்கே வெறுப்பா இருக்கும். "ஏங்க, ரெண்டு கையும் எனக்கு வேணும், அதுக்கு ஏதாச்சும் வழி பண்ணுங்க"ன்னு போன்ல சொன்னா. இதுக்கு மேல எனக்கு வேற காரணம் தேவைப்படல.

இனி முக்கியமான விஷயம், விளம்பரத்துல யாரும் போடாத விஷயம், குளிர். வாயு குளிர்ந்தா அழுத்தம் குறையும், 10 டிகிரிக்கு சுமார் 3.4 சதவீதம். 20 டிகிரியில 300 நியூட்டன் தள்ளுற ஸ்ட்ரட், இங்க ஜனவரில மைனஸ் 35 ஆகும்போது 240 சொச்சம்தான் தள்ளும், ஜூலைல 35 டிகிரி வெயில் அடிச்சா 315 தள்ளும். ஒரே ஸ்ட்ரட், ஆனா கோடைல பானெட் கையவிட்டு எகிறும், குளிர்ல பாதில நின்னு மெதுவா கீழ வரும். ஸ்ட்ரட் கம்பெனிங்க வழக்கமா குடுக்கற வெப்ப அளவே மைனஸ் 30ல இருந்து 80 வரைக்கும்தான், எங்க ஊரு அந்த கீழ்க்கோட்டையும் தாண்டிப் போகும். குளிர்ல எண்ணெய் கெட்டியாகும், ரப்பர் சீல் விறைக்கும், அதனால முதல் தடவை தூக்கும்போது மந்தமா வரும்.

இதுக்கு மேல பனி. பானெட் மேல ஒரு சாண் புதுப்பனி இருந்தாலே பத்து பதினஞ்சு கிலோ வந்துரும். அத தட்டாம தொறந்தா எந்த ஸ்ட்ரட்டும் நிக்காது, பனி முழுக்க சரிஞ்சு வைப்பர் பக்கம் போய் அடைச்சுக்கும். முதல்ல பிரஷ், அப்புறம்தான் பானெட்.

சரி அப்ப ரொம்ப பலமான ஸ்ட்ரட்டா வாங்கிடலாமேன்னு தோணும், வேண்டாம். ஸ்ட்ரட் பானெட்டோட கீல் பக்கத்துலதான் மாட்டுவாங்க, அங்க நெம்புகோல் நீளம் கம்மி, அதனாலதான் 20 கிலோ பானெட்டுக்கே மொத்தம் 60 கிலோ அளவுக்கு தள்ளுவிசை தேவைப்படுது. அந்த விசை மூடியிருக்கும்போதும் விடாம வேலை செய்யும். தேவைக்கு மேல போனா நாளாக நாளாக மெல்லிய தகடு வளையும், கீல் நகரும், ஃபெண்டருக்கும் (முன்சக்கரத்துக்கு மேல இருக்கற பக்கத் தகடு) பானெட்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி ரெண்டு பக்கமும் ரெண்டு மாதிரி ஆயிரும். உங்க மாடலுக்குன்னு அளவு பாத்து செஞ்ச கிட்டத்தான் வாங்கணும், பொதுவா எல்லா வண்டிக்கும்னு போட்டிருக்கறத தொடவே கூடாது. விலை 50 டாலர்ல இருந்து 200 வரைக்கும் இருக்கு. நான் பாக்கறது பிராக்கெட் தகடோட தடிமன், அது மெலிசா இருந்தா ஸ்ட்ரட் நல்லா இருந்தும் பிரயோஜனமில்ல.

மாட்டறது பெரிய வேலையே இல்ல. டகோமாவுக்கு டிரில் போடாம, ஏற்கனவே இருக்கற போல்ட்டுக்கு அடியில பிராக்கெட் வெச்சு இறுக்கற மாதிரி கிட் கிடைக்குது. கீல் பக்க போல்ட்ட ஒரே நேரத்துல எல்லாத்தையும் கழட்டிடாதீங்க, பானெட் நகந்துரும், ஒண்ண கழட்டி மாட்டினப்புறம் அடுத்தது. இன்னொருத்தர் பானெட்ட பிடிச்சுக்கணும். ஸ்ட்ரட்டோட பளபளன்னு இருக்கற மெல்லிய தண்டு கீழ்ப்பக்கம் பாக்கற மாதிரி மாட்டணும், அப்பதான் உள்ள இருக்கற எண்ணெய் சீலை நனைச்சுகிட்டே இருக்கும், சீக்கிரம் கசியாது. முதல் தடவை மூடும்போது மெதுவா இறக்கி எங்கயும் இடிக்குதான்னு பாத்துகிட்டே வரணும்.

நான் மாட்டினப்ப கூட நின்னு பிடிச்சது எங்க தெருவுலயே இருக்கற யாழ்ப்பாணத்து அண்ணன், தொண்ணூறுகள்ல வந்தவரு, மெக்கானிக். எல்லாம் முடிஞ்சதும் அவரு சொன்னது ஒண்ணுதான், "தம்பி, அந்தக் கம்பிய மட்டும் கழட்டி எறிஞ்சு போடாதை". ஸ்ட்ரட்டுக்கு ஆயுசு உண்டு, சீல் போச்சுன்னா ஒரு நாள் சொல்லாம கொள்ளாம பானெட் தலைமேல வரும். கம்பிக்கு அந்தப் பிரச்சனை கிடையாது. அதனால கம்பி இருந்த இடத்துலயே இருக்கற மாதிரி கிட்டா பாத்து வாங்குங்க. எங்க வீட்டுல மைனஸ் 25க்கு கீழ போனா ஸ்ட்ரட் தூக்கினப்புறம் கம்பியையும் சொருகறதுதான் வழக்கம். ஸ்ட்ரட்டே பிடிச்சிருக்கறதால இப்ப ரெண்டு கையும் சும்மா இருக்கு, மனைவி கேட்டதும் அதுதான்.

உயரம் கம்மியானவங்க இன்னொண்ணு பாக்கணும். சில கிட்டுல பானெட் கம்பி வெக்கற உயரத்த விட மேல போயிரும், தொறக்கறது சுகம், மூடறதுக்கு கை எட்டாது. வாங்கறதுக்கு முன்னாடி யார் வண்டிலயாச்சும் இருந்தா தொறந்து மூடிப் பாருங்க. மூடும்போது நடுவுல உள்ளங்கைய வெச்சு அமுக்காதீங்க, பள்ளம் விழும். முன்விளிம்ப பிடிச்சு பாதி இறக்கி, லாக் இருக்கற இடத்துக்கு நேரா அழுத்துங்க.

காத்து பத்தியும் சொல்லிடறேன். இது சமவெளி, மறைக்க ஒரு மேடு கிடையாது. ரெஜைனா போற 11ம் நம்பர் ஹைவேல ஓரமா நிறுத்தி பானெட்ட தொறந்தீங்கன்னா எதிர்காத்து கம்பிய விட்டு பானெட்ட மேல தூக்கிடும், கம்பி விழுந்துரும், அடுத்த நொடி பானெட் அடிச்சு மூடும். ஸ்ட்ரட் இருந்தா அது நடக்கறது குறைவு, ஆனா பெருங்காத்து பிராக்கெட்டையே வளைச்சுரும். முடிஞ்சவரைக்கும் வண்டி முதுகு காத்தப் பாக்கற மாதிரி நிறுத்துங்க.

வீட்டுல சூடான கராஜ் இருக்கு, சர்வீஸ் எல்லாம் வெளியதான், வருஷத்துக்கு ரெண்டு தடவை பானெட்ட தொறந்தா பெருசுன்னு இருக்கறவங்க இந்தக் காச நல்ல பேட்டரிக்கு போடுங்க. வெளிய நிறுத்தறவங்க, ஷிஃப்ட் வேலைக்காரங்க, தனியா பூஸ்ட் பண்ண வேண்டியவங்க, தோள்வலி இருக்கறவங்க கண்டிப்பா போடுங்க. செப்டம்பர்லயே மாட்டிடுங்க, நவம்பர்ல வெறுங்கையால 10 எம்எம் போல்ட்ட பிடிச்சா விரல் மரத்துப் போயிரும்.