பாட்டியின் சாளக்கிராமம்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் பாட்டி காலத்துச் சாளக்கிராமம் ஒன்று இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் கருங்கல், பெருமாளாகவே வைத்துக் கும்பிடுவது. அம்மாவுக்கு உடம்பு முடியாததால் நேற்று திருமஞ்சனம் என் பொறுப்பு. துடைக்கும்போது ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். வாய்ப்பக்கம் நத்தை ஓடு போலச் சுருண்ட வரிகள், ஒவ்வொன்றும் நகத்தில் தட்டுப்படுகிறது.

அம்மோனைட் என்ற கடல் உயிரின் தடம் அது. இமயம் எழும் முன் அங்கே டெத்திஸ் கடல். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு ஆசியாவில் மோத, கடலடிப் படிவுகள் மடிந்து மலையாக உயர்ந்தன. மேற்கே நங்க பர்வதச் சிகரத்திலிருந்து கிழக்கே நம்சா பர்வா சிகரம் வரை ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர்! எவரெஸ்ட் உச்சியில் இருப்பதும் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல்தான்.

இந்தக் கல் நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைப்பது. ஒரு பக்கம் 8,167 மீட்டர் தவளகிரி, மறுபக்கம் 8,091 மீட்டர் அன்னபூர்ணா. நடுவே மலையை அறுத்துக்கொண்டு ஆறு இறங்குகிறது. இமயத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான், இன்னும் போனதில்லை.

அப்புறம் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். கண்ணை மூடியபடியே கேட்டாள். "பாற்கடல்ல இருக்கறவர்தானேடா" என்றாள். "சரி, துளசி சாத்தினியா?"