விமான இறக்கைச் சட்டத்துக்கு மரம் பிளந்த கதை

தேயிலைத் தோட்ட லயத்தில் விறகு பிளப்பவருக்குத் தெரியும்: ஆப்பு நார் போகும் பக்கம்தான் போகும். முறுக்கு விழுந்த கட்டையில் ஆப்பு சுற்றிக்கொண்டு ஓடும்.

முதல் உலகப் போரில் அமெரிக்கப் படை இதையே பெரிய அளவில் செய்தது. விமான இறக்கைச் சட்டத்துக்கு சிட்கா ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் தேவைப்பட்டது. எடை குறைவு, வலு அதிகம். ஆனால் மில்காரர்கள் வீட்டுப் பலகை அறுக்கும் பழக்கத்தில் நாரை குறுக்கே வெட்டினார்கள். அப்படி அறுத்த சட்டம் பார்க்க நேராக இருக்கும், பாரம் ஏறியதும் நார் வழியே பிளந்துவிடும். இன்றைய விமான மர விதிப்படி, 15 அங்குல நீளத்தில் நார் 1 அங்குலத்துக்கு மேல் விலகக்கூடாது.

1917 நவம்பரில் கர்னல் பிரைஸ் டிஸ்க் தலைமையில் தனிப் பிரிவு உருவானது. ஓரிகன், வாஷிங்டன் மாநிலக் காடுகளில் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள். மரத்தின் அடி புடைத்து, நார் கோணியிருக்கும். ஆகவே தண்டில் காடி வெட்டி, பலகை செருகி, அதன்மேல் நின்று உயரத்தில் அறுத்தார்கள். ரயில் எட்டாத இடத்தில் முழுத்தடியை இழுக்க முடியாது. அங்கேயே ஆப்பும் வெடிமருந்தும் வைத்து நீளவாக்கில் பிளந்து, துண்டுகளை லொறியில் ஏற்றினார்கள். வீண் அதிகம்தான், ஆனால் நார் கெடவில்லை. மற்றத் தடிகளை நீராவியில் ஓடும் வின்ச், அதாவது வடம் சுற்றும் எந்திரம், கம்பிவடத்தால் இழுத்தது.

இலங்கை மலையகத்தில் முன்பு இருந்த நானுஓயா–ராகலை குறுகிய ரயில்பாதையைக் கேள்விப்பட்டவர்களுக்கு ஒன்று: வாஷிங்டன் மாநிலத்தின் கிரசெண்ட் ஏரி ஓரம் ஸ்ப்ரூஸுக்காகவே 36 மைல் ரயில்பாதை போட்டார்கள். போர் முடிந்தபின்தான் அது முடிந்தது. போருக்காக ஒரு தடியும் அதில் போகவில்லை.