கோதுமைக் கருவும் ஈஸ்டும்: நாட்குறிப்பு

ஜூன் 3

புற்றுநோய்ச் சிகிச்சையோடு சிலர் எடுக்கும் நொதித்த கோதுமைச் சாறு என்றதும் பலருக்கும் கோதுமைப் புல் சாறுதான் நினைவுக்கு வருகிறது. இரண்டும் வேறு வேறு. ஹங்கேரியில் மாத்தே ஹித்வேகி 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய 'அவெமார்' என்ற நொதித்த சாற்றுத் தூளுக்கு மூலப்பொருள், மணியில் செடியாக முளைக்கும் பகுதியான முளைக்கரு மட்டுமே. மணியின் எடையில் அது 2 முதல் 3 சதவீதம். இந்த யோசனைக்கு வித்திட்டவர் அதே நாட்டில் பிறந்த ஆல்பர்ட் செண்ட்-ஜியார்ஜி. 1937-ல் நோபல் பெற்ற அவர், குயினோன் எனப்படும் வேதிச் சேர்மங்களில் சில புற்றணுவின் பெருக்கத்தைத் தடுக்கலாம் என்று பிற்காலத்தில் கருதினார். முளைக்கருவில் அந்தக் குயினோன் சர்க்கரையோடு பிணைந்து கிடக்கிறது. ஈஸ்டின் நொதி அந்தப் பிணைப்பை அறுக்கிறது. நொதிக்க வைப்பதே இதற்காகத்தான்.

ஜூன் 5

ஆலையில் நடப்பது: அரைத்த முளைக்கருவை நீரில் கலந்து, ரொட்டிக்குப் போடும் அதே இன ஈஸ்டைச் சேர்த்து, 30 டிகிரி செல்சியஸில் 18 மணி நேரம் வைக்கிறார்கள். சக்கையை நீக்கி, தெளிந்த நீரைச் சுண்ட வைத்து, மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடி சேர்த்துத் தூளாகத் தெளித்து உலர்த்துகிறார்கள். உலர்ந்த சாறு ஒரு கிராமில் 0.4 மில்லிகிராம் குயினோன் என்பது அளவு.

வீட்டில் செய்ய முடியுமா? வேண்டாம். முளைக்கருவில் எண்ணெய் அதிகம். மணியிலிருந்து பிரிந்த சில நாள்களிலேயே சிக்கு வாடை வந்துவிடும். குயினோன் எவ்வளவு வெளிவந்தது என்பதை ஆய்வகக் கருவி இல்லாமல் அறிய வழியில்லை. வேறு கிருமி புகுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கீமோ எனும் புற்றுநோய் மருந்துச் சிகிச்சையில், கிருமியை எதிர்க்கும் ரத்த வெள்ளணு குறைந்திருப்பவருக்கு அதுவே பெரிய ஆபத்து. அந்த நாள்களில் பழைய சோற்று நீராகாரத்தையும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

ஜூன் 9

அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 2003-ல் வெளிவந்த பெருங்குடல் புற்றுநோய் ஆய்வு. வழக்கமான சிகிச்சையோடு 6 மாதத்துக்கு மேல் தூளும் எடுத்தவர்கள் 66 பேர்; சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 104 பேர். நோய் மீண்டது முதல் குழுவில் 3.0 சதவீதம், இரண்டாவதில் 17.3. இறப்பு 12.1, 31.7.

பார்த்ததும் நம்பிக்கை பொங்கும். ஆனால் யார் எந்தக் குழு என்று குலுக்கிப் போடவில்லை, நோயாளிகளே தேர்ந்துகொண்டார்கள். ஆறு மாதம் விடாமல் குடிக்க முடிந்தவர் என்றாலே அவர் உயிரோடும், சாப்பிடும் தெம்போடும் இருந்தவர். வித்தியாசத்தில் எவ்வளவு தூளால் வந்தது, எவ்வளவு அந்தத் தெம்பால் வந்தது என்று இந்த எண்களிலிருந்து பிரிக்க முடியாது.

2008-ல் வெளியான மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) ஆய்வில் குலுக்கல் உண்டு. டக்கார்பசின் என்ற கீமோ மருந்து பெற்ற 52 பேரில் ஒரு பாதிக்கு ஓராண்டு தூளும் தரப்பட்டது. அவர்கள் அதன்பின் உயிர்வாழ்ந்த சராசரிக் காலம் 66.2 மாதம், தூள் பெறாதவர்களுக்கு 44.7. இது முந்தையதைவிட வலுவான சான்று என்றாலும், மருந்தில்லாத போலித் தூளை மற்றவர்களுக்குக் கொடுத்து ஒப்பிடவில்லை, ஆட்களும் குறைவு.

ஜூன் 10

புற்றுநோய் வந்த குழந்தைகளிடம் 2004-ல் ஒரு சிறு ஆய்வு, 11 ஜோடிகள்; ஜோடியில் ஒருவருக்கு மட்டும் தூள். வெள்ளணு குறைந்து காய்ச்சல் வந்தது தூள் எடுத்தவர்களின் கீமோ சுற்றுகளில் 24.8 சதவீதம், மற்றவர்களில் 43.4. கட்டியைக் கரைப்பது பற்றிய பேச்சைவிட இந்தத் திசையில்தான் பெரிய ஆய்வு வேண்டும் என்பது என் எண்ணம்.

ஜூன் 14

புற்றுநோய் மருத்துவர் சம்மதித்தவருக்கு வழக்கமான அளவு நாளுக்கு 8.5 கிராம்: 150 மில்லி குளிர்ந்த நீரில் குலுக்கி, கரைத்த உடனே, உணவுக்கு ஒரு மணி நேரம் முன். விட்டமின் சி மாத்திரையை இதோடு சேர்க்கக் கூடாது, அது குயினோனை வேறு வடிவாக மாற்றிவிடும். 2 மணி நேரமாவது இடைவெளி விடவும்.

கோதுமை ஒவ்வாமை, சீலியாக் நோய் (கோதுமையின் குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கப்படுவது), பழச் சர்க்கரையான ஃபிரக்டோஸ் ஏற்காத உடல், ரத்தம் கசியும் குடற்புண், கர்ப்பம் இருந்தால் தொடவே வேண்டாம். உறுப்பு மாற்று செய்தவரும் அப்படியே: அவருக்கு எதிர்ப்பு சக்தியை அடக்க மருந்து தரும்போது, இது அதைத் தூண்டக்கூடும்.

வயிற்றுப்போக்கு, குமட்டல், வாயு வரலாம். கீமோவாலும் அதே தொல்லைகள் வரும். அதனால் கீமோ நாளிலேயே தூளைத் தொடங்காமல், இரு சுற்றுகளுக்கு நடுவில் தொடங்கினால் எது எதனால் என்று தெரியும். போக்கு நிற்கவில்லை என்றால் தூளை நிறுத்தவும். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால், தூள் குடித்தவராயினும் அன்றே மருத்துவமனை.