இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம்

எனக்கு இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவள் பிறந்தபோது எல்லாரையும் போலத்தான் இருந்தேன். சின்னவள் பிறந்த பிறகு மனச்சோர்வு நோய் வந்து, அரசு ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவரைப் பார்த்து, மாத்திரை சாப்பிட்டு மீண்டேன். இது வெளியே தெரிந்ததும் ஊர்ப் பெண்கள் சிலர் தனியாக வந்து கேட்டார்கள். எங்கே போகணும், என்ன கேட்பாங்க, குழந்தைக்குப் பால் கொடுக்க விடுவாங்களா, வீட்டில் என்ன சொல்லிக் கிளம்புறது? ஒவ்வொருத்தருக்கும் சொன்னதை இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன்.

"அவளுக்கு மனசுல திடம் பத்தலை" என்று பேசியவர்களும் உண்டு. இரண்டு பிரசவத்திலும் பெற்றவள் நான்தானே? திடம் பத்தாததால் வந்தது என்றால் முதல் தடவையே வந்திருக்க வேண்டும்.

மூத்தவளை அம்மா வீட்டில் பெற்றேன். அம்மா என்னை அடுப்படிப் பக்கமே விடவில்லை. ராத்திரி குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார். பசிக்கு மட்டும்தான் என்னிடம் வரும். பத்தியச் சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை என்று தினமும் அவரோடு சண்டை போட்டேன். சண்டை போட ஆள் இருந்தது.

சின்னவள் வயிற்றில் ஆறு மாசமாக இருந்தபோது அம்மா மாரடைப்பில் போய்விட்டார். வயிற்றுப் பிள்ளைக்காரி என்று என்னைப் பக்கத்தில் விடவில்லை. வாய்விட்டு அழுதால்கூட "புள்ளைக்கு ஆகாது, கண்ணைத் தொடை" என்றார்கள். அழுகையை அப்படியே முழுங்கிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். நாமக்கல்லில் லோடு ஏற்றி வடக்கே லைன் போனால் திரும்ப வாரக்கணக்காகும். வீடு கட்டின கடன் ஒரு பக்கம், குழு லோன் ஒரு பக்கம். ஆபரேஷனில் பிள்ளையைப் பெற்று நேராக மாமியார் வீட்டுக்கு வந்தேன்.

அத்தை கெட்டவர் இல்லை. விடியற்காலையில் மாடு கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றி, தீவனம் வெட்டி, எனக்கும் சோறு ஆக்கிப் போட்டு, சாயங்காலம் திரும்ப மாட்டுக் கொட்டகைக்குப் போகிறவர். ராத்திரி படுத்தால் அவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது. "நானெல்லாம் புள்ளை பெத்த பதினஞ்சாம் நாள் காட்டு வேலைக்குப் போனவ சாமி" என்பார், பெருமையாக இல்லை, அலுப்பாக. பிள்ளை பார்க்க வந்த ஒரம்பரை (சொந்தக்காரர்கள்) ஒவ்வொன்றும் "இதுவும் பொட்டப்புள்ளையா, சரி போகட்டும்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்தது. அந்தப் 'போகட்டும்'தான் எனக்குத் தாங்கவில்லை.

முதலில் போனது தூக்கம். குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது. விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். சாப்பாட்டில் உப்பு உறைப்பு எதுவும் தெரியாது. மூத்தவள் "அம்மா" என்று முந்தானையைப் பிடித்தால் எரிச்சல் வரும். காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது குழந்தை கை நழுவி விழுவது போல ஒரு காட்சி கண்முன்னால் வந்து வந்து போகும். தண்ணீர் ஊற்றவே பயம். நாளாக நாளாக, நான் இல்லாவிட்டால்தான் இந்தப் பிள்ளைகளுக்கு நல்லது என்ற நினைப்பு, யாரோ கணக்குப் போட்டுச் சொன்ன விடை மாதிரி உறுதியாக உட்கார்ந்துகொண்டது. பெரும்பாலும் அழவில்லை. மனச்சோர்வு என்றால் அழுதுகொண்டே இருப்பார்கள் என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

தையல் பார்க்க, பிரசவம் பார்த்த தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனபோது தூக்கம் வரவில்லை என்று சொன்னேன். "குழந்தை முகத்தைப் பாருங்க, சந்தோஷமா இருங்க" என்று சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். அத்தை குலசாமி கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார். அந்தக் கயிறு இன்னும் கையில் இருக்கிறது. அதனால் நோய் போகவும் இல்லை, எனக்குக் கெடுதலும் இல்லை. இரண்டில் எதற்கு அதிகம் கோபப்பட வேண்டும் என்று கேட்டால் நான் ஆஸ்பத்திரியைத்தான் சொல்வேன்.

வழி காட்டியது எங்கள் கிராம சுகாதார செவிலியர். பிரசவத்துக்கு அப்புறம் 42 நாள் வரைக்கும் வீடு தேடி வந்து குழந்தையைப் பார்க்கிற ஏற்பாடு இருக்கிறது இல்லையா, அதில் கடைசி முறை வந்திருந்தார். எடை போட்டார், குழந்தை நன்றாகத் தேறியிருந்தது. தராசைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டே, "நீ தூங்குறியா கண்ணு?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். நான் உடைந்துபோனேன்.

பிள்ளை பெற்ற மூன்றாம் நான்காம் நாள் காரணமில்லாமல் அழுகை வருவது நிறையப் பேருக்கு உண்டு, இரண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும், போகாமல் கனத்துக்கொண்டே வந்தால் அது வைத்தியம் பார்க்க வேண்டிய நோய் என்று விளக்கினார். மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநல மருத்துவர் குறிப்பிட்ட கிழமைகளில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் வந்து பார்ப்பார். எங்களுக்கு எந்தக் கிழமை என்று நர்ஸம்மாவே அத்தையிடமும் சொல்லிவிட்டுப் போனார். வெள்ளைச் சேலைக்காரி சொன்னால் அத்தை தட்டமாட்டார்.

என் பெரிய பயம், 'மென்டல்' என்று எழுதிக் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்பதுதான். அப்படி இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தாயை மனநல மருத்துவமனையில் சேர்த்துச் சிகிச்சை கொடுத்தால்கூட, 3 வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாக அவளிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது. என்னைப் போலப் பெரும்பாலானவர்களுக்குச் சேர்த்துப் பார்க்க வேண்டிய தேவையே வராது. ஆனால் பிள்ளை பெற்றவள், இல்லாத குரல் தனக்குக் கேட்கிறது என்றாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, நாள்கணக்கில் தூங்காமல் பரபரப்பாகத் திரிந்தாலோ கிழமை பார்த்துக் காத்திருக்கக் கூடாது. அது வேறு நோய், அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் எல்லாரும் நிற்கிற அதே வரிசையில் நின்று ஓபி சீட்டு வாங்கினோம். அறைக்கு வெளியே பெஞ்சில் வலிப்பு மாத்திரைக்கு வந்த ஒரு பையன், குடியை நிறுத்த வந்த ஒருத்தர், பேரனோடு ஒரு பாட்டி. மடியில் கைக்குழந்தையோடு நான். யாரும் யாரையும் உற்றுப் பார்க்கவில்லை.

முதலில் தமிழில் பத்துக் கேள்விகள். 1987இல் எடின்பரோவில் உருவாக்கியதாம், உலகம் முழுக்கப் பிள்ளை பெற்றவர்களிடம் கேட்பது. போன ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா, தூங்க முடியாத அளவுக்கு வருத்தமா என்று போகும். மொத்தம் 30க்கு மதிப்பெண். பத்தாவது கேள்வி, உனக்கு நீயே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. கவுன்சலர் மற்ற ஒன்பதையும் கேட்ட அதே குரலில் அதையும் கேட்டார். அதனால்தான் என்னால் உண்மையைச் சொல்ல முடிந்தது. உடனே அத்தையைக் கூப்பிட்டு, வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள், கொஞ்ச நாளைக்கு இவரைத் தனியாக விடாதீர்கள் என்றார்.

டாக்டரம்மா கேட்ட கேள்விகள் எதுவும் 'மனசு' பற்றியதாகவே எனக்குத் தெரியவில்லை. ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள்? சோறு ஆக்குவது யார்? கடன் எவ்வளவு? அம்மாவுக்குக் காரியம் நடந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? அத்தையை வெளியே அனுப்பிவிட்டு, கணவர் குடிப்பாரா, அடிப்பாரா என்றும் கேட்டார். எங்கள் வீட்டில் அந்தக் கஷ்டம் இல்லை. இருக்கிற பெண்களுக்கு அந்த ஒரு நிமிஷத் தனிமை எவ்வளவு பெரிய உதவி என்று பிறகுதான் உறைத்தது. குடும்பத்தில் வேறு யாருக்காவது வந்திருக்கிறதா என்று கேட்டபோது அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, ஞாபகம் வந்தது. பெரிய மாமன் பிறந்த பிறகு அமுச்சியைப் 'பேய் பிடித்தது' என்று ரொம்ப நாள் பின்கட்டிலேயே வைத்திருந்தார்களாம். டாக்டரம்மா தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார்.

ரத்தமும் எடுத்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு கோளாறு வந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே போல அசதியும் சோர்வும் காட்டுமாம். தைராய்டு சரியாக இருந்தது, ரத்தம்தான் ரொம்பக் குறைவு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேருக்கு, ரத்தசோகை என்று ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. எனக்கு இரும்புச்சத்து ஊசி போட்டார்கள்.

பிறகு ஒரு ஆய்வைப் பற்றிப் படித்தேன். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் தமிழ்நாட்டுக் கிராமத்துக் கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்குப் பிறகும் தொடர்ந்து பார்த்து 2002இல் வெளியிட்டது. அவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்திருக்கிறது. யாருக்கு அதிகம் என்றால், குறைந்த வருமானம், ஆண் பிள்ளை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறப்பது, மாமியாரோடோ பெற்றவர்களோடோ மனஸ்தாபம், கர்ப்ப காலத்தில் பெரிய துக்கம், கைவேலைக்கு ஆள் உதவி இல்லாதது. எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து எழுதியது போல இருந்தது. மனஸ்தாபம் ஒன்றைத் தவிர மற்றது அத்தனையும் எனக்குப் பொருந்தியது. நாற்பது நாள் பிள்ளை பெற்றவளை வேலை செய்யவிடாத நம் வழக்கத்தில் தீட்டை எடுத்துவிட்டு, உதவியை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன என்று அப்போது தோன்றியது.

மாத்திரை செர்ட்ராலின், குறைந்த அளவில். பால் கொடுக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் இதைத்தான் முதலில் கொடுப்பார்களாம். தாய்ப்பாலில் மிகக் கொஞ்சம்தான் கலக்கும். முதல் வாரம் குமட்டல், லேசான தலைவலி. பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும் என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லியிருந்தார். அதைச் சொல்லாமல் அனுப்பியிருந்தால் குமட்டலோடு மாத்திரையைத் தூக்கி எறிந்திருப்பேன்.

அதைவிட முக்கியம், ஓபி சீட்டின் பின்பக்கம் அவர் போட்டுக்கொடுத்த ராத்திரிக் கணக்கு. ஒன்பது மணிக்குப் பால் கொடுத்துவிட்டு நான் வேறு அறையில் படுக்க வேண்டும். இரண்டு மணி வரை குழந்தை அத்தையிடம். நடுவில் அழுதால், பீய்ச்சி வைத்த பாலைச் சங்கில் புகட்ட வேண்டும். "விடாம அஞ்சு மணி நேரம் தூக்கம். இதையும் மாத்திரை மாதிரி தினமும் கொடுங்க" என்று அத்தையிடம்தான் சொன்னார். "அப்ப காலைல மாட்டை யாருங்க கறக்கிறது?" என்று அத்தை திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. கடைசியில் காலைக் கறவைக்கு என் கொழுந்தன் வந்தான். பெண் பிள்ளைக்கு முகம் சுளித்த வீட்டில், ராத்திரியெல்லாம் மடியில் போட்டுக்கொண்ட அத்தைக்குச் சின்னவள்தான் இப்போது உசிர்.

வீட்டுக்காரரோடு டாக்டரம்மா போனில் பேசினார். குஜராத் பக்கம் எங்கேயோ டாபாவில் நின்றிருந்தாராம். வடக்கு லைனை விட்டுவிட்டுக் கேரளாவுக்கு முட்டை லோடு அடிக்கிற வண்டிக்கு மாறினார். அடிக்கடி வீட்டுக்கு வருகிறார், சம்பளம் குறைவு. கடன் அப்படியேதான் இருக்கிறது. குழுக்காரர்கள் தவணையை மட்டும் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தார்கள். மாத்திரைக்குக் காசு இல்லை, ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துவிடுகிறார்கள்.

கவுன்சலர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அம்மாவைப் பற்றிப் பேசச் சொன்னார். முழுங்கி வைத்திருந்த அழுகை அங்கேதான் வெளியே வந்தது. அப்புறம் தினமும் ஒரே ஒரு வெளிவேலை, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். சாயங்காலம் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோவதை எடுத்துக்கொண்டேன். அங்கே நிற்கிற பெண்களோடு பழமை பேசிவிட்டு வர அரைமணி ஆகும். அந்த அரைமணி இல்லாத நாளில் வித்தியாசம் தெரிகிறது.

ஒருநாள் மத்தியானம் புளிக்குழம்பு கரித்தது. "என்னங்கத்தை, இத்தனை உப்பு?" என்றேன். அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நாக்கு வந்துருச்சா உனக்கு!" என்று சிரித்தார்.

நன்றாகத் தேறிய பிறகும் ஆறு மாசமாவது மாத்திரையைத் தொடர வேண்டும். டக்கென்று நிறுத்தினால் தலைச்சுற்றல் வரும், நோயும் திரும்பலாம். எனக்கு இப்போது டாக்டரம்மா பாதியாகக் குறைத்திருக்கிறார். இன்னொரு பிள்ளை பெற்றால் இது மறுபடி வர வாய்ப்பு அதிகம், கருத்தரித்ததும் சொல்லிவிட வேண்டும் என்றார். வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்துவிட்டோம்.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இப்படி இருந்தால், மனநல மருத்துவர் வருகிற கிழமையைத் தாலுகா ஆஸ்பத்திரி ஓபியில் கேளுங்கள். ஆதார், பிரசவச் சீட்டு, சாப்பிடுகிற மாத்திரைகளின் அட்டை, ராத்திரி குழந்தையை வைத்துக்கொள்ளப் போகிற ஆள், இவ்வளவும் கூடப் போகட்டும். அந்தக் கிழமை வரை பொறுக்க முடியாது, சாகலாம் என்ற நினைப்பு வருகிறது என்றால் 14416க்குக் கூப்பிடுங்கள். டெலிமானஸ், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு இல்லை.