பழைய இசட் காருக்குப் புது இன்செர்ட்

டாட்சன் 240 இசட் என்ற பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால், ஷாக் அப்சார்பர் கோனியா, கேஒய்பியா என்று பேச்சு ஆரம்பித்துவிடும். என்னைக் கேட்டால் பிராண்ட் எல்லாம் இரண்டாம் பட்சம், ஷாக் அப்சார்பர் மாற்றும் வேலையில் பாதி உழைப்பு ஒரே ஒரு நட்டில் இருக்கிறது.

இந்தக் காரில் நான்கு சக்கரத்துக்கும் ஸ்ட்ரட்தான், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண். கம்பெனியிலிருந்து வந்தபோது அந்த ஸ்ட்ரட் குழாயே ஷாக் அப்சார்பர். பிஸ்டனும் எண்ணெயும் நேராக அதற்குள்ளேயே கிடக்கும். (இதை வைத்துத்தான் 1971லும் 1973லும் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை ஜெயித்தார்கள், அதனால் மட்டமான அமைப்பு என்று யாரும் சொல்ல முடியாது.) இப்போது நாம் செய்வது, உள்ளே இருப்பதையெல்லாம் உருவி எடுத்துவிட்டு, மூடி சீல் செய்த இன்செர்ட்டை, அதாவது முழுசாகத் தயாராக வரும் ஷாக் அப்சார்பரை, அதே குழாயில் இறக்குவது.

முதலில் ஸ்பிரிங். ஸ்பிரிங்கை நெருக்கிப் பிடிக்கும் கம்ப்ரசரை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, ஸ்பிரிங் கையால் ஆட்டினால் ஆடும் அளவுக்குத் தளர்ந்த பிறகுதான் மேல் நட்டைத் தொட வேண்டும். இதில் வீரம் காட்டாதீர்கள்.

அப்புறம் அந்த நட். குழாயின் வாயை மூடியிருக்கும் க்ளாண்ட் நட், ஐம்பது வருஷச் சேறும் துருவும் மரையில் இறுகிப்போய் அசையவே அசையாது. முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊறவைத்து, பெரிய பைப் ரெஞ்ச் போட்டுத் திருப்புங்கள். குழாயை நேராக வைஸில் கடித்து இறுக்காதீர்கள், லேசாக நசுங்கினாலும் புது இன்செர்ட் உள்ளே இறங்காது. கீழே இருக்கும் கனமான வார்ப்புப் பாகத்தில் பிடியுங்கள். நெருப்புக் காட்டச் சொல்கிறவர்களும் உண்டு. உள்ளே எண்ணெய் இருக்கிறது சாமி, வேண்டாம். நட் கழன்றதும் வரும் அந்தக் கறுப்பு எண்ணெய் அழுகிய மீன் மாதிரி நாறும், பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

குழாயைத் துடைத்துவிட்டுக் கொஞ்சம் புது எண்ணெய் ஊற்றி இன்செர்ட்டை இறக்க வேண்டும், சூடு வெளிக் குழாய்க்குக் கடத்தப்படுவதற்காகத்தான் இந்த எண்ணெய். விளிம்பு வரை நிரப்பினால் சூட்டில் விரிந்து வெளியே கசியும், பிறகு சீல் போய்விட்டது என்று தேவையில்லாமல் பயப்படுவீர்கள். இன்செர்ட் குழாயின் விளிம்புக்கு மேலே அரை நூலாவது எட்டிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். பார்க்கவில்லையென்றால் புது நட் குழாயை இறுக்குமே தவிர இன்செர்ட்டை இறுக்காது, ஒவ்வொரு பள்ளத்திலும் தட் தட்டென்று சத்தம் வரும். அடியில் ஒரு ஸ்பேசர் போட்டால் சரி. குரோம் தண்டை இடுக்கியால் பிடிக்கவே கூடாது, ஒரு கீறல் விழுந்தாலும் சீல் கிழியும்.

பின்பக்கம் இதே வேலைதான், ஆனால் ஸ்ட்ரட்டின் அடியைக் கீழ் ஆர்மோடு இணைக்கும் நீளமான ஸ்பிண்டில் பின்னைக் கழற்றப் போகாதீர்கள், அது துருப்பிடித்து நின்றுவிட்டால் அதுவே தனி வேலையாகிவிடும். பிரேக் லைனைப் பிரித்து, மேலே மூன்று நட்டையும் எடுத்துவிட்டு, ஸ்ட்ரட்டை வெளியே சாய்த்தபடியே இன்செர்ட்டை மாற்றிவிடலாம். முடிந்ததும் பிரேக்கில் காற்று எடுக்க மறக்க வேண்டாம்.