தமிழய்யா கேட்ட கேள்வி

பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் வாட்ஸ்அப்பில் மூன்று முறை கேட்டுவிட்டார். நம் செட்டில் பேர் வாங்கியவன் ஒருவன்தான், அவனைப் பற்றியே எழுதுகிறேன் என்றேன். பெயரைப் போடக் கூடாது என்று அவன் நிபந்தனை போட்டான். தன்னம்பிக்கைப் பேச்சாளருக்கு இவ்வளவு கூச்சமா என்று கேட்காதீர்கள். 1986இல் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ‘மைக்செட்’ என்று சொன்னாலே போதும்.

காலைப் பிரேயரில் செய்தி வாசிப்பவன் அவன்தான். மைக் மக்கர் பண்ணுகிற நாளிலும் அவன் குரல் பைகிராப்ட்ஸ் ரோடு வரை கேட்கும். ஆனால் எதையும் தாளைப் பார்த்துத்தான் வாசிப்பான். ஒன்பதாம் வகுப்பில், வெள்ளிக்கிழமை இலக்கிய மன்றத்தில், பாரதியைப் பற்றிப் பேச அவனை ஏற்றிவிட்டார்கள். பாரதி கடைசியாக வாழ்ந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற பள்ளியில் வேறென்ன தலைப்பு கிடைக்கும்? நான்கு வரி ஒப்பித்தான். ஐந்தாவது வரி வரவில்லை. பின்வரிசையில் நாங்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டோம்.

தமிழய்யா நாற்காலியை விட்டு எழவில்லை. “சரி, மறந்துபோச்சு. காலையில என்ன சாப்பிட்ட? அதைச் சொல்லு” என்றார்.

பழைய சோறு, முந்தின நாள் வத்தக்குழம்பு, அதிலிருந்த சுண்டைக்காயைத் தம்பி எண்ணி எண்ணிப் பொறுக்கிக்கொண்டது, அதற்காக நடந்த அடிதடி, அம்மா கரண்டியோடு வந்தது. ஐந்து நிமிடம் போனதே தெரியவில்லை. “பாரதி அடுத்த வாரம்” என்று ஐயா மணியைத் தட்டினார்.

முன்னேற்றப் புத்தகப் பைத்தியம் அவனுக்கு அப்போதே உண்டு. பள்ளி நூலகத்தில் இருந்த தொண்டி அப்துற் றஹீமின் புத்தகங்களை வேறு யாருக்கும் கிடைக்க விட்டதில்லை. மூர் மார்க்கெட்டில் ஆறு ரூபாய்க்கு, அமெரிக்க முன்னேற்ற எழுத்தாளர் டேல் கார்னகியின் பழைய புத்தகம் ஒன்று வாங்கினான். சில வாரத்திலேயே, 1985 மே மாதம், மூர் மார்க்கெட் எரிந்துபோனது. “தீயிலேருந்து நான் காப்பாத்தின புத்தகம்” என்று இன்றைக்கும் பீற்றிக்கொள்வான். தன்னம்பிக்கை எழுத்தாளர் எம்.எஸ். உதயமூர்த்தி 1988இல் மக்கள் சக்தி இயக்கம் தொடங்கியபோது, அதில் சேரப்போகிறேன் என்று கல்லூரிக்கு மட்டம் போட்டான். அதே வருடம் வந்த கமல் படத்தில் கதாநாயகன் பெயரும் உதயமூர்த்திதான். அதை எத்தனை முறை பார்த்தானோ தெரியாது. டிக்கெட் காசு என்னுடையது.

அப்புறம் வேலை கிடைக்காமல் ஜெராக்ஸ் கடை வைத்து, இரண்டே வருடத்தில் மூடினான். முதல் புத்தகம் எழுதியபோது நான்தான் புரூப் பார்த்தேன். நூற்றுச் சொச்சம் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை எங்கேயுமே இல்லை. ஏன்டா என்றேன். “ஜெயிக்கிறது எப்படின்னு எழுதறவன் கடையை மூடின கதையைச் சொன்னா எவன்டா வாங்குவான்?” என்றான். எனக்கு அது இன்றுவரை உறுத்தல்தான்.

1,200 பிரதி அச்சிட்டார்கள். 10 சதவீதம் ராயல்டி என்று பேச்சு. கைக்கு வந்ததோ பணத்துக்குப் பதில் நூறு பிரதிகள். அரசு நூலகங்களுக்கு வாங்கிக்கொள்ளும் நூலக ஆணை கிடைத்திருக்காவிட்டால் பதிப்பாளர் இவனை வாசல்படி ஏறவிட்டிருக்க மாட்டார். டிவிஎஸ் 50இல் கட்டு கட்டாக வைத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் போனான். நியூமராலஜி பார்த்துப் பெயரில் ஓர் எழுத்து சேர்த்தான். கிண்டல் செய்தால், கார்னகியே எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகியின் பெயருக்குப் பொருந்தும்படி தன் பெயரின் எழுத்தை மாற்றிக்கொண்டவர்தானே என்பான். பேச்சுக்குப் போனால் ஒரு பொன்னாடையும் கவரும் தருவார்கள். கவர் மெலிசாக இருக்கும், பொன்னாடை மட்டும் பளபளக்கும். அவன் வீட்டில் டிவி, கிரைண்டர், தையல் மெஷின் எல்லாம் பொன்னாடை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ஒருமுறை விடுமுறையில் வந்தபோது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலைக்கு என்னையும் இழுத்துப் போனான். ஒன்றரை மணி நேர நிகழ்ச்சியில் நாற்பதாவது நிமிடமே சரக்கு தீர்ந்துவிட்டது. ஷிப்ட் முடித்து வந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். சட்டென்று முன்வரிசையில் இருந்த ஒருவரை எழுப்பி, “அண்ணே, இந்த கம்பெனியில உங்களுக்கு எரிச்சல் வர்ற ஒரு விஷயம் சொல்லுங்க” என்றான். அவர் கேன்டீன் சாம்பாரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். பருப்பு எந்தக் கிழமையில் போடுவார்கள், எந்தக் கிழமையில் பருப்பின் வாசனையை மட்டும் போடுவார்கள் என்றெல்லாம். மேனேஜர் உட்பட எல்லோரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு பேச ஆள் வரிசையில் நின்றது.

வண்டியில் திரும்பும்போது, இது கார்னகியின் வித்தை என்றான். 1912இல் நியூயார்க் ஒய்.எம்.சி.ஏ.வில் முதல் வகுப்பு எடுத்தபோது அவருக்கும் விஷயம் தீர்ந்துபோய், வந்திருந்தவர்களையே தங்களுக்குக் கோபம் வருவதைப் பற்றிப் பேசவைத்தாராம். கார்னகியாவது ஒன்றாவது, அது தமிழய்யாவின் வித்தை என்றேன். அவன் ஒத்துக்கொள்ளவே இல்லை.

2000க்குப் பிறகு ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகள் கூப்பிட ஆரம்பித்தன, கவர் கனத்தது, கார் வந்தது. அதெல்லாம் நீங்கள் யூடியூபில் பார்த்ததுதான்.

இந்தப் பொங்கலுக்குப் போயிருந்தபோது, பொதுத்தேர்வு எழுதப்போகும் பையன்களுக்குப் பேச நம் பள்ளியில் அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். அதே ஹால்தான், மின்விசிறி மட்டும் புதுசு. ஒரு பையனை மேடைக்கு அழைத்தான். அவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மைக்செட் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு கேட்டான்: “சரி, காலையில என்ன சாப்பிட்ட?”

“ஒண்ணும் இல்ல சார்.”

ஹாலே சிரித்தது.

“டீயாவது?”

“அம்மா அஞ்சு மணிக்கே வேலைக்குப் போயிடுவாங்க சார்.”

சிரிப்பு நின்றது. சாப்பிடாமல் வந்தவர்கள் கை தூக்குங்கள் என்று சொல்லிவிடுவானோ என்று எனக்குப் பயம். சொல்லவில்லை. பையனின் தோளைத் தட்டி உட்காரவைத்தான். மைக்கை மேஜையில் வைத்துவிட்டு, “தம்பிங்களா, இன்னிக்கு இவ்வளவுதான்” என்றான். தலைமையாசிரியர் கையில் பொன்னாடையோடு நின்றார்.

ரத்னா கபேயில் இட்லி சாம்பாரில் ஊறிக்கொண்டிருக்க, அவன் பேனாவை எடுத்தான். அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பிளஸ் டூவில் அறுபது பேர், ஆளுக்கு நான்கு இட்லி, தேர்வு வரை எத்தனை பள்ளி நாள் என்று பில்லின் பின்பக்கத்தில் பெருக்கிக்கொண்டே போனான். சாம்பார்க் கறையோடு அந்த பில் என்னிடம்தான் இருக்கிறது. படம் எடுத்து நம் சங்கப் பொருளாளருக்கு அனுப்பியிருக்கிறேன். இரண்டு நீல டிக் விழுந்து நாளாகிறது, பதில்தான் வரவில்லை.