மூலத்தைத் திறந்து படித்த பிறகே மேற்கோள்

ஊரில் தாதியாக வேலை பார்த்துவிட்டு டொராண்டோவில் மறுபடி கல்லூரிக்குப் போனால், முதல் பருவத்திலேயே ஏபிஏ முறை எதிரே வந்து நிற்கும்; கட்டுரையில் மேற்கோள்களின் மூலத்தைக் காட்ட அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த முறை அது. வரிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் குடும்பப் பெயரும் ஆண்டும். கட்டுரை முடிவில் முழு விவரம். நம்மவர்கள் எழுதிய கட்டுரையைக் காட்டும்போது பெயரிலேயே சிக்கல் வரும். நமக்கு முதலெழுத்து அப்பா பெயர். குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று பலருக்கும் கிடையாது. இதழில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே நான் எடுத்துக்கொள்வேன். காற்புள்ளி, சாய்வெழுத்து எல்லாம் கொஞ்ச நாளில் கைக்கு வந்துவிடும்.

ஆனால் மூலத்தையே திறந்து படிப்பது ஏன் முக்கியம் என்று எனக்குப் புரிய வைத்தது ஒரு வகுப்பு. விரிவுரையாளர் திரையில் ஒரு சிறு கடிதத்தைக் காட்டினார். 1980 ஜனவரியில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் போர்ட்டர், ஜிக் என்ற இருவர் எழுதியது. ஐந்தே வாக்கியங்கள். மருத்துவமனையில் ஓப்பியாய்டு வகை வலி மருந்து பெற்ற 11,882 பேரில், முன்பு அடிமைப் பழக்கம் இல்லாத நான்கு பேர் மட்டுமே மருந்துக்கு அடிமையானதாகப் பதிவு என்பதுதான் செய்தி. மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுபோய் மாதக்கணக்கில் விழுங்குபவர்களைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

2017இல் டொராண்டோ ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தபோது, 608 வெளியீடுகள் அந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டியிருந்தன. அவற்றில் 439, அடிமையாவது அரிது என்பதற்கு அதையே சான்றாக வைத்திருந்தன. அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதை 491 வெளியீடுகள் சொல்லவேயில்லை. அதே மருந்துகளால் இங்கே எத்தனை குடும்பங்கள் பிள்ளைகளை இழந்திருக்கின்றன! அன்று எனக்கு நெஞ்சு பதறியது.

மூலத்தைப் படிக்காமல் இன்னொருவர் வழியாக அறிந்திருந்தால், அதை வெளிப்படையாக எழுத வேண்டும் என்று ஏபிஏ சொல்கிறது. மூலம் கிடைக்குமானால் அதையே தேடிப் படி என்பது அதைவிட முக்கியமான அறிவுரை. இந்த உழைப்பு தமிழுக்குப் புதிதும் அல்ல. சீவக சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் நூற்பெயர் சொல்லாமல் வரும் மேற்கோள்கள் எங்கிருந்து வந்தவை என்று உ.வே.சாமிநாதையர் ஏடு ஏடாகத் தேடியிருக்கிறார்; 1887இல் வந்த அந்தப் பதிப்புக்குப் பின்னால் அந்தத் தேடல் இருக்கிறது.

இப்போது நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், விழுவதைத் தடுப்பதற்கான நடைமுறைக் குறிப்பை எழுதும் பொறுப்பும் எனக்கு உண்டு. ஒன்டாரியோ பதிவுபெற்ற தாதியர் சங்கத்தின் வழிகாட்டியிலிருந்து ஒரு வரி எடுத்தாலும் பதிப்பாண்டையும் பக்கத்தையும் போட்டுவிடுவேன். இரவுப் பணியில் தனியாக நிற்கும் தாதிக்குச் சந்தேகம் வந்தால், அவள் என்னை எழுப்பிக் கேட்க வேண்டியதில்லை. மூலத்தைத் தானே திறந்து பார்க்கலாம்.

புதிதாகப் படிக்க வருகிறவர்கள், கட்டுரைகளையும் மேற்கோள் விவரங்களையும் சேமித்து வைக்கும் ஸொட்டேரோ என்ற மென்பொருளை முதல் வாரமே இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம்தான். சேமித்து வைத்த கட்டுரையை இதழ் பின்னர் திரும்பப் பெற்றுவிட்டால், அது எச்சரிக்கையும் காட்டும். ஆனால் அது விவரங்களைத் தானாக நிரப்பும்போது பெயர்கள் சில சமயம் இடம் மாறிவிடும். ஒவ்வொன்றையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.